தலைமையாசிரியர் ஐயா நினைவு மலர்: படங்களும் எழுத்தும் தேவை

ஐயாவின் நினைவு மலர் வேலை தொடங்கிவிட்டது. 64 பக்கம். நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகம் என்பதால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் ஏறும், இறங்கும். கடைசி நேரத்தில் "ஒரே ஒரு பக்கம்" சேர்க்க முடியாது.

அவசரத் தேவை பழைய படங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அச்சில் முகம் கலங்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் முழுப் பக்கத்துக்கே தாங்கும். ஸ்கேனர் இல்லையென்றால் படத்தைச் சன்னலோரம் தட்டையாக வைத்து, ஃபிளாஷ் போடாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். ஆல்பத்தோடு கொண்டு வாருங்கள்.

குழுப் படமா? ஆண்டு, வகுப்பு, வரிசைவாரியாக இடமிருந்து வலமாகப் பெயர்கள் வேண்டும். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

கட்டுரை 250 சொல், யூனிகோடில் (கைபேசியில் தமிழில் அடிப்பது அதுதான்). பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் 'அம்மா' என்பது 'mk;kh' ஆகி நிற்கும். "அன்பானவர், கண்டிப்பானவர்" ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் எழுதுங்கள்.

மதிப்பெண் அட்டையில் அவர் கைப்பட எழுதிய குறிப்பு யாரிடமாவது இருக்கிறதா? அட்டைப்படத்துக்கு அதைத்தான் தேடுகிறோம். கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்யவும் இரண்டு பேர் வேண்டும்.