மலை எடுத்தா வானம் வெளுத்துப் போகுதுங்க, என்ன பண்றது?

கொறங்காட்டான்:
வணக்கமுங்க. உடுமலைக்குத் தெக்கால, திருமூர்த்தி மலை போற வழியில நமக்குத் தோட்டம். கையில நிக்கான் டி5600, கூடவே வந்த 18-55 லென்ஸ். மார்கழி பொறந்ததுல இருந்து தெனமும் பொழுதோட அஞ்சரைக்கு வரப்புல நின்னு மலையை எடுக்கறேன். தென்னந்தோப்பு தெளிவா வந்தா வானம் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெளுத்துப் போகுது. வானத்தைக் காப்பாத்தினா தோப்பு ஒட்டுக்காக் கரி. இதுல இன்னொரு கூத்து, நேர்ல அத்தாம் பெருசா நிக்கற மலை போட்டோவுல வரப்பாட்டம் குட்டையாப் போயிருது. "இதுக்கா அம்பதாயிரம்"னு ஊட்டுல கேக்கறாங்க. லென்ஸ் மாத்தோணுமுங்களா?

சிங்காநல்லூர் பையன்:
ப்ரோ, வெளிச்சம் கூட்டி ஒண்ணு, குறைச்சு ஒண்ணு, நடுவுல ஒண்ணு. மூணையும் ஒட்டி எச்டிஆர் பண்ணுங்க. முடிஞ்சுது.

பழைய ஸ்டூடியோ:
காத்துல தென்னை மட்டை ஆடுமே, ஒவ்வொரு மட்டையும் மூணாத் தெரியும். அதுவும் மாலைக் காத்துல.

தம்பி, லென்ஸுக்குக் காசு போடாதீங்க. நான் பொள்ளாச்சியில ரொம்ப வருசம் கல்யாணப் படம் எடுத்தவன். நெகடிவ் ஃபிலிம்ல வெளிச்சம் ஒரு ஸ்டாப் கூடி ரெண்டு மடங்கு ஆனாலும் பிரிண்ட்ல சரிக்கட்டிக்கலாம், குறைஞ்சாத்தான் வம்பு. அந்தப் புத்தியோடவே டிஜிட்டலுக்கு வந்து, முதல் கல்யாணத்துலயே மாப்பிள்ளையோட வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் ஒரே வெள்ளை. துண்டு எங்க முடியுது, சட்டை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. பொண்ணோட அப்பா ஆல்பத்தைப் பொரட்டிட்டு ஒண்ணுமே பேசல, அதுதான் இன்னும் உறுத்துது. டிஜிட்டல்ல வெளிச்சம் பதியற சென்சார்ல நிறைஞ்ச குடத்துல ஊத்தின தண்ணிதான், வழிஞ்சது போனதுதான். இருட்டுலயாவது கொஞ்சம் ஒளிஞ்சு கிடக்கும்.

அதனால வானத்துக்கு அளந்து எடுங்க. ரா ஃபைல் (சென்சார் பதிஞ்ச மூலப் படம்), ஐஎஸ்ஓ 100 (உணர்திறன்), எஃப் 8 (லென்ஸ் துவார அளவு), எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மைனஸ் 1, அதாவது கேமரா போடற கணக்குக்கு ஒரு ஸ்டாப் கம்மி. உங்க கேமராவுல பிளேபேக் மெனுவுல ஹைலைட்ஸைப் போட்டு வெச்சா வெளுத்த இடம் கண் சிமிட்டும். சிமிட்டினா இன்னும் குறைங்க. தோப்பைப் பின்னால கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம். கேமராவுக்குக் கருப்பும் தெரியாது வெள்ளையும் தெரியாது, எல்லாத்தையும் நடுச்சாம்பலாக்கப் பாக்கும். ஃப்ரேம்ல முக்கால்வாசி தோப்பா இருந்தா, ஐயோ இருட்டுன்னு வெளிச்சத்தை ஏத்திரும்.

ஆனா உங்களுக்கு நெசமான சிக்கல் நீங்க நிக்கற நேரம். மார்கழியில பொழுது தென்மேற்கால விழுகுது. உங்க மலையும் அங்கதான். விளக்குக்கு எதிர்ல ஆளை நிறுத்தி மூஞ்சி தெரியலைங்கறாப்ல இருக்குது! இப்பத்திக்கு வெடியால ஏழு மணிக்குப் போங்க, கிழக்கு வெயில் மலைமேல சாய்வா விழுந்து மடிப்பு மடிப்பாத் தெரியும். பொழுதோடதான் வேணுமின்னா சித்திரை வரைக்கும் பொறுங்க. அப்ப சூரியன் வடமேற்குப் பக்கம் நகந்திருக்கும், மலைக்கு வலப்பக்கத்துல இருந்து வெயில் கெடைக்கும்.

மலை குட்டையாப் போறதுக்குக் காரணம் லென்ஸை 18 எம்.எம்.ல அகலமா வெச்சு எடுக்கறது. அகலம் கூடக் கூட தூரத்துல இருக்கறது சின்னதாயிரும். 55-க்குத் திருப்பிட்டு நாலு வயல் பின்னால வந்து பாருங்க, தோப்புக்கு மேல மலை ஏறி நிக்கும். 18-லதான் எடுக்கோணுமின்னா, கிட்டக்க ஏதாச்சும் வேணும். கிளுவை வேலி, கெணத்துல மாடு கட்டித் தண்ணி எறைச்ச கவலைக் கல்லு, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால்ல தண்ணி உட்டிருந்தா அதோட வளைவு. குத்த வெச்சு எடுங்க. நின்னபடி எடுத்தா பாதிப் படம் வெறுந்தரைதான்.

கொறங்காட்டான்:
அண்ணா, இன்னைக்கு வெடியால போனனுங்க. பனியில மூணு வரிசையா மலை தெரிஞ்சுது, இத்தனை வருசத்துல நான் ரெண்டு வரிசைன்னுதான் நெனச்சிருந்தேன். மைனஸ் 1-லயும் சிமிட்டுச்சு, 1.3-க்கு எறக்கினேன், நின்னுருச்சு. ஆனா நடுவுல கரண்டுக் கம்பி குறுக்க ஓடுது. அழிச்சரலாமுங்களா?

சிங்காநல்லூர் பையன்:
அஞ்சு செகண்ட்ல ஏஐ அழிச்சுரும் ப்ரோ.

பழைய ஸ்டூடியோ:
அழிக்கறது உங்க இஷ்டம். நானா இருந்தா எடது பக்கம் பத்தடி நகந்து போஸ்டைப் பனைமரத்துக்குப் பின்னால ஒளிச்சுருவேன். கம்பி தோப்புக்குள்ள போறாப்ல நின்னுட்டா அதுவும் தோட்டத்தோட ஒண்ணாயிரும். மோட்டாருக்குக் கரண்டு வேணுமல்லோ!

கொறங்காட்டான்:
சரிங்கண்ணா. கரண்டு எடுக்கற பெரிய காத்தாடிகளையும் எடுக்கோணுமுங்க, எப்பப் போகட்டும்?

பழைய ஸ்டூடியோ:
ஆனி, ஆடி. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்கால இருந்து வரும், ரெக்கை காத்து வர்ற பக்கம்தான் பாத்து நிக்கும். அதனால நீங்க மேக்கால நின்னு கிழக்க பாத்து எடுத்தா, சாயங்கால வெயில் முழுசா ரெக்கையிலதான். சுத்தறது தெரியோணுமின்னா ஷட்டர் முப்பதுல ஒரு பங்கு செகண்டு. ஸ்டாண்டு கட்டாயம். அதுல ஒரு மண்மூட்டையைக் கட்டித் தொங்க உடுங்க. நான் உடாம, ஸ்டாண்டோட கேமரா கள்ளிச்செடியில போய் விழுந்துச்சு, முள்ளு புடுங்கவே அரை நாளாச்சு.