ஸ்பீடு இருக்கிறது, அப்புறம் ஏன் லேக்?

ஸ்பீடு டெஸ்டில் 100 எம்பிபிஎஸ் காட்டுது. ஆனாலும் சாயங்காலம் பிளேஸ்டேஷனில் ஆன்லைன் ஆடினால் எதிராளி விட்டு விட்டுத் தாவுகிறான், நான் சுட்டது தாமதமாகத்தான் படுகிறது. பிளானை மாற்றணுமா?

பதில்: வேண்டாங்க. கேமுக்குக் கொஞ்சம் வேகமே போதும், பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) சீராக இருக்கணும், அவ்வளவுதான். லேன் கேபிள் போடுங்க, முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்க.

பதில்: கேபிள் சரி, ஆனால் சாயங்காலம் மட்டும் என்றால் எனக்கு வேறு சந்தேகம்: வீட்டில் யாராவது போட்டோ, வீடியோ அப்லோடு செய்யும்போது ரூட்டரில் பாக்கெட்டுகள் (தகவல் துண்டுகள்) வரிசையில் தேங்கி, கேமின் பாக்கெட்டும் பின்னால் நிற்கும். ரூட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால் ஆன் செய்து, அதில் வேக வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதம் வைத்துப் பாருங்கள்.

பதில்: யூபிஎன்பி (கேமுக்கு வேண்டிய போர்ட்டை, அதாவது இணைப்பு வழியை, ரூட்டரில் தானாகத் திறக்கும் வசதி) ஆன் பண்ணச் சொல்வார்கள். அது மேட்ச் கிடைக்க, வாய்ஸ் சேட்டுக்கு உதவும். லேக் குறையாது.