சூடான பாதாம் பால்: திப்பி, அடிப்பிடிப்பு, பச்சை வாசனை – அனுபவப் பகிர்வு

சுக்குமல்லி:
வீட்டுப் பாதாம் பால் சரியா வரலைன்னா எல்லாரும் குங்குமப்பூவையும் ஏலக்காயையும் கூட்டிப் பார்க்கறாங்க. கோளாறு பெரும்பாலும் மிக்ஸியிலதான் இருக்கு. ரெண்டு பெரிய டம்ளருக்கான அளவு இது: பால் அரை லிட்டர், பாதாம் 25 (சுமார் 30 கிராம்), சர்க்கரை இரண்டரை மேசைக்கரண்டி, ஏலக்காய் 3, குங்குமப்பூ 10 இழை.

தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு பாதாமைப் போட்டு 20 நிமிஷம் மூடி வைங்க. நேரம் இருந்தா ராத்திரியே பச்சைத் தண்ணியில ஊறப் போடலாம், விழுது இன்னும் நைஸா வரும். ரெண்டு விரலால அழுத்தினா பருப்பு தோலை விட்டு வழுக்கிக்கிட்டு வெளிய வரணும். நகத்தால கீற வேண்டியிருந்தா ஊறினது பத்தலை. தோலோட அரைச்சா பால்ல பழுப்புப் பொடி மிதக்கும், நாக்குல லேசா துவர்க்கும்.

சின்ன ஜார்ல முதல்ல பாதாமை மட்டும் விட்டு விட்டு நாலு சுத்து. பக்கவாட்டுல ஒட்டினதை வழிச்சு விட்டு, ஆறின பால் 3 மேசைக்கரண்டி மட்டும் சேர்த்து அரைங்க. எடுத்தவுடனே ஒரு டம்ளர் பாலை ஊத்தினா பருப்பு பிளேடுல சிக்காம மிதந்து சுத்தும். எவ்வளவு நேரம் ஓட்டினாலும் ரவை ரவையாத்தான் நிக்கும். விழுதை விரல் நுனியில தேய்ச்சுப் பாருங்க, கல்லுல இழைச்ச சந்தனம் மாதிரி வழுக்கணும். அந்தப் பதம் வந்துட்டா வடிகட்டவே வேண்டாம். வடிகட்டுறவங்க பாதி பாதாமைத் திப்பியா வெளிய போடறாங்க.

பால்காரர் பேத்தி:
பாலைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். ஆரஞ்சு ஆவின் பாக்கெட்ல 6 சதவீதம் கொழுப்பு, நீல பாக்கெட்ல 3. ஆரஞ்சு வாங்கினா சுண்டக் காய்ச்சற வேலை குறையும். நீலம்தான் கையில இருக்குன்னா அரை லிட்டரை முக்கால் பங்கா வத்தவிட்டு அப்புறம் விழுதைச் சேருங்க. இல்லைன்னா கழனித்தண்ணி மாதிரிதான் இருக்கும்.

அடி கனமான பாத்திரம் வேணும். பால் ஊத்தறதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு அடியை நனைச்சுக்கோங்க. பால் பொங்கி வந்ததும் தீயைக் குறைச்சு விழுதைக் கரைச்சு ஊத்தி, 7, 8 நிமிஷம் கிளறிக்கிட்டே இருக்கணும். விழுது கனம், நேரா அடியில போய் உக்காரும். குழிக்கரண்டியால மேலாகச் சுழட்டினா பத்தாது, தட்டையான மரக்கரண்டியால அடியைத் தேய்ச்சுக் கிளறணும். பச்சை வாசனை போய், கரண்டி முதுகுல மெல்லிசா பூசின மாதிரி நின்னா வெந்துடுச்சு. சர்க்கரை அதுக்கப்புறம்தான்.

அடிப்பிடிச்சுட்டா பதறிப்போய்ச் சுரண்டாதீங்க. அசைக்காம மேல் பாலை வேற பாத்திரத்துக்கு மாத்துங்க, முக்கால்வாசி தப்பிச்சுடும். சுரண்டினா மொத்தமும் தீஞ்ச வாடை.

தெற்கு மாசி வீதி:
சந்தனப் பதத்துல எனக்கு உடன்பாடு இல்லை. முழுக்க நைஸா அரைச்சா குடிக்கறது பாதாம்னு நாக்குக்கே தெரியாது. 20 பருப்பை விழுதாக்கி, மீதி அஞ்சை ஒண்ணு ரெண்டா இடிச்சுக் கடைசியில தூவுங்க.

சாயங்காலத் தெருக்கடைப் பால் மாதிரி கெட்டியா வரலைன்னு புலம்பறவங்களுக்கு: அந்தக் கெட்டி பாதாமால வர்றது இல்லை. அகலமான கடாய், சின்னத் தீ, மணிக்கணக்கா காயற பால். ஓரத்துல ஒட்டற ஆடையை வழிச்சு வழிச்சு உள்ளயே தள்ளுவாங்க. அவசரக் கடைன்னா சோளமாவோ கஸ்டர்ட் பவுடரோ இருக்கும். வீட்டுல குறுக்கு வழி வேணும்னா அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சோளமாவை ஆறின பால்ல கரைச்சு ஊத்தலாம். ரெண்டு டீஸ்பூன் போனா அது கஞ்சி.

ஏலக்காயைக் கொஞ்சம் சர்க்கரையோட இடிச்சா நல்லாப் பொடியும். அடுப்பை அணைச்ச பிறகு போடுங்க, கொதிக்கவிட்டா வாசம் ஆவியோட போயிடும்.

புதுக்குடித்தனம்:
சர்க்கரைக்குப் பதிலா பனங்கற்கண்டு போட்டா பால் திரிஞ்சு போகுதே, ஏன்? இஞ்சி தட்டிப் போட்டப்பவும் அப்படித்தான் ஆச்சு.

சுக்குமல்லி:
ரெண்டும் வேற வேற காரணம். வெல்லம், கருப்பட்டி, பனங்கற்கண்டுல எல்லாம் லேசான புளிப்புத்தன்மை இருக்கும். கொதிக்கற பால்ல நேரா விழுந்தா திரிய வாய்ப்பு அதிகம். கால் டம்ளர் தண்ணியில கரைச்சு வடிகட்டி (அடியில நிக்கற மண்ணைப் பார்த்தா ஏன் வடிகட்டச் சொல்றோம்னு புரியும்), பாலை இறக்கி அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊத்துங்க. கலந்த பிறகு மறுபடி அடுப்புல வைக்காதீங்க.

பச்சை இஞ்சியில பாலை உறைய வைக்கிற நொதி இருக்கு. பால் வெதுவெதுப்பா இருக்கும்போது போட்டா அது நல்லா வேலை செய்யும், கொதியில செத்துடும். அதனால பால் நல்லா கொதிக்கும்போது போடுங்க. வம்பே வேண்டாம்னா சுக்குப்பொடி கால் டீஸ்பூன்.

ஈரோட்டு மஞ்சள்:
மழைக்காலத்துக்கு இந்த அளவு சரியா இருக்கும்: அரை லிட்டருக்கு மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், மிளகு 6, சுக்கு ஒரு சிட்டிகை, ஜாதிக்காய் ரெண்டு இழைப்பு. மஞ்சளை விழுதோடயே சேர்த்துக் கொதிக்க விடுங்க, கடைசியில தூவினா பச்சையா அடிக்கும். மஞ்சள் போட்டா குங்குமப்பூ வேண்டாம், காசுதான் வீண்.

பச்சைக் கற்பூரம் பிடிச்சவங்க கடுகளவுக்கு மேல போகாதீங்க. கொஞ்சம் கூடினாலும் பிரசாதம் குடிக்கிற மாதிரி இருக்கும், கசக்கவும் செய்யும்.

குங்குமப்பூவை ரெண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான பால்ல 15 நிமிஷம் ஊற வைங்க. நல்ல பூ மெதுவாத்தான் மஞ்சள் விடும், இழை சிவப்பாவே இருக்கும். போட்ட நொடியில சிவப்பா சாயம் இறங்கி இழை வெளுத்துட்டா அது பூவே இல்லை.

தெற்கு மாசி வீதி:
பருப்பை ஊறப்போடறதுக்கு முன்னாடி நாலஞ்சு எடுத்து மென்னு பாருங்க. பழைய எண்ணெய் வாடை அடிச்சா எந்த மசாலாவும் அதை மறைக்காது. சுள்ளுனு கசக்கற பருப்பு கலந்த சரக்குன்னா அதை உபயோகிக்கவே வேண்டாம். கசப்புப் பாதாம்ல நச்சு உண்டு.

புதுக்குடித்தனம்:
மாட்டுப்பால் ஒத்துக்காதவங்களுக்கு?

பால்காரர் பேத்தி:
பாதாம் 100 கிராம், தண்ணி 400 மில்லி. ஊறவெச்சு, தோல் உரிச்சு, அரைச்சு, வெள்ளைத் துணியில பிழியணும். இதுக்கு மட்டும் வடிகட்டல் அவசியம். கொதிக்க விடாதீங்க, திரிதிரியாப் பிரியும். ஓரத்துல ஆவி வந்ததும் இறக்கிடுங்க. பிழிஞ்ச சக்கையைத் தேங்காய்ச் சட்னியோட சேர்த்து அரைக்கலாம், தெரியவே தெரியாது.

ஈரோட்டு மஞ்சள்:
பொடியா வெச்சுக்கணும்னா: தோல் உரிச்ச பாதாம் 100 கிராமை ரெண்டு நாள் காயவிட்டு, வெறும் வாணலியில சின்னத் தீயில 4 நிமிஷம் நிறம் மாறாம சூடு பண்ணி, முழுக்க ஆறவிடுங்க. அப்புறம் 100 கிராம் சர்க்கரையோட விட்டு விட்டு அடிங்க. சூட்டோட அரைச்சாலோ மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினாலோ எண்ணெய் கக்கிக் கட்டியாகிடும். டம்ளருக்கு ரெண்டு மேசைக்கரண்டி. ஃபிரிட்ஜ்ல ஒரு மாசம் தாங்கும், ஈர ஸ்பூன் படாம இருந்தா. கடை மிக்ஸ் வாங்கறவங்க பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எது அதிகமோ அதைத்தான் முதல்ல போட்டிருப்பாங்க. பல பாக்கெட்டுல அது சர்க்கரை.

புதுக்குடித்தனம்:
பிளாஸ்க்ல ஊத்தி வைக்கலாமா?

சுக்குமல்லி:
ரெண்டு மணி நேரம் வைக்கலாம். விழுது அடியில தங்கும், குலுக்கி ஊத்துங்க. ஏலக்காய் வாசம் மூடி ரப்பர்ல ஏறிடும், மறுநாள் அதே பிளாஸ்க்ல காபி ஊத்தினா காபியும் பாயசம் மாதிரி மணக்கும்.