வாக்கர் என்னும் குடும்பப் பெயர் நடப்பவரையா குறிக்கிறது?

கேள்வி:
ஆங்கிலேயரிடையே பரவலாகக் காணப்படும் வாக்கர் என்னும் குடும்பப் பெயருக்கு நடப்பவர் என்பதுதான் பொருளா? ஸ்மித் என்றால் கொல்லர், பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர் என்று தொழிலை நேராகச் சொல்லும் பெயர்களுக்கு நடுவே, எல்லாரும் நடக்கிற நடையை வைத்து ஒருவருக்குப் பெயரிட்டிருப்பார்களா என்பது வெகுநாளாக உறுத்துகிறது. காட்டைச் சுற்றிவந்த காவலர்களுக்கு அமைந்த பெயர் என்றும் படித்தேன். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
உங்கள் ஐயம் நியாயமானது. இதுவும் தொழிலால் வந்த பெயரே. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடும் இழை இழையாகத் தளர்ந்தும் இருக்கும். அதைத் தொட்டியிலிட்டு, புளித்த சிறுநீரும் பிசுக்கை உறிஞ்சும் களிமண்ணும் சேர்த்து, முழங்கால்வரை நனைய நின்று மணிக்கணக்கில் மிதித்தால், இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கித் துணி கெட்டிப்படும். அந்த வேலையைச் செய்தவரே பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கெரெ', பின்னாளில் வாக்கர். இதன் வேர்ச்சொல்லுக்கு முதலில் உருட்டுதல், புரட்டுதல் என்றே பொருள். நடத்தல் என்ற பொருள் பிறகுதான் வந்து சேர்ந்தது. காட்டின் ஒரு பகுதியைக் கண்காணித்தவரையும் வாக்கர் என்று அழைத்ததுண்டு, ஆனால் பெயர் இவ்வளவு பரவியதை அது விளக்காது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதே தொழிலுக்கு இங்கிலாந்தின் வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர், தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர், டெவன் முதலான தென்மேற்குப் பகுதிகளில் டக்கர் என மூன்று சொற்கள் வழங்கின. ஃபுல்லர் இலத்தீன் வழி வந்தது. டக்கரின் வேர்ச்சொல்லுக்கோ வதைத்தல் என்று பொருள், துணி படும் பாட்டை நினைத்தால் பொருத்தமாகவே இருக்கிறது. எக்ஸிடர் நகரில் இத்தொழிலாளர் சங்கத்தின் டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது. மேலே சொன்ன களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்றே பெயர்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் வாக்கர் குடும்பத்தார் எல்லாரும் ஒரே மூதாதையின் வழியினர் என்று கொள்ளலாமா?

மறுமொழி 3:
கொள்ள இயலாது. கம்பளி நெய்த ஊர்தோறும் துணி மிதிப்பவர் இருந்ததால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குடும்பங்கள் தனித்தனியே இப்பெயரைப் பெற்றன. நீரோட்டத்தால் மரச் சம்மட்டிகளை இயக்கித் துணியை அடிக்கும் ஆலைகள் இங்கிலாந்தில் 1185ஆம் ஆண்டுப் பதிவிலேயே காணப்படுகின்றன; கால்மிதி படிப்படியாகக் குறைந்த பிறகும், ஆலையை நடத்தியவருக்கு அதே பெயர் தொடர்ந்தது. ஸ்காட்லாந்தில் இன்னொரு வழியும் உண்டு: 'துணி மிதிப்பவரின் மகன்' எனப் பொருள்படும் மெக்நூகேட்டர் என்னும் கேலிக் மொழிப் பெயரைச் சிலர் ஆங்கிலத்தில் வாக்கர் என்றே மாற்றிக்கொண்டனர். ஆகவே உங்கள் தேடலுக்குப் பெயரைவிட, அக்குடும்பம் வாழ்ந்த ஊரே நல்ல தடயம்.