கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்து முடித்த பிறகுதான் பிறரிடம் பேச வேண்டுமா?

பெரோயா வாசகி:
கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள். எங்கள் வேத ஆராய்ச்சிக் குழுவில் உள்ள ஒரு சகோதரி, மற்றவர்கள் நம்பிச் சொல்லும் ஜெபக் குறிப்புகளை வெளியே பேசிவிடுகிறார். "அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற முன்னுரையோடு ஒரு குடும்பத்தின் கடன் தொல்லை சபை முழுவதும் பரவிவிட்டது. குழுவினர் கலந்து பேசி, அவரிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மத்தேயு 7-ஆம் அதிகாரமோ, பிறர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்குமுன், முதலில் என் கண்ணிலிருக்கிற உத்திரத்தை, அதாவது என் சொந்தக் குறையை, எடுத்துப்போடச் சொல்கிறது. தன்னைச் சோதித்தறிய உட்கார்ந்தால் அதற்கு முடிவே தெரிவதில்லை. ஒன்றை அறிக்கையிட்டு எழுந்தால் அதன் பின்னால் இன்னொன்று நிற்கிறது. அது முடியும்வரை காத்திருந்தால் எவரும் எவருக்கும் புத்திசொல்ல முடியாது. காத்திராமல் பேசினால் நான் மாயக்காரி ஆகிவிட மாட்டேனா?

ஓய்வுபெற்ற மூப்பர்:
சகோதரிக்கு ஸ்தோத்திரம். 5-ஆம் வசனத்தை இறுதிவரை வாசியுங்கள்: "பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்." துரும்பை அப்படியே விட்டுவிடும்படி கர்த்தர் சொல்லவில்லை. குறையே இல்லாதவர்தான் பேசலாம் என்றும் அவர் சொல்லவில்லை.

உத்திரம் இருக்கிறதா என்பதை எப்படி அறிவது? எனக்கு 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரம் உதவியிருக்கிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பறித்துக்கொண்ட கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும் தாவீது ராஜா கோபம் மூண்டவனாய், அந்த மனுஷன் மரணத்திற்குப் பாத்திரன் என்கிறான். ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, திரும்பச் செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறான். நாலத்தனை என்பது யாத்திராகமம் 22:1-இல் உள்ள நியாயப்பிரமாணம்தான். ஆனால் ஆட்டைத் திருடியவனுக்கு மரண தண்டனை அங்கே இல்லை. விபசாரத்துக்கும் கொலைக்கும் நியாயப்பிரமாணத்தில் அது உண்டு. உரியாவின் மனைவி பத்சேபாளைச் சேர்ந்து, உரியாவைக் கொல்வித்து, அவ்விரண்டையும் செய்தவன் தாவீது. தனக்கு உரிய தீர்ப்பை அவன் ஆடு திருடியவன் தலையில் சுமத்துகிறான். பத்சேபாளின் குழந்தை அதற்குள் பிறந்தும்விட்டது. அத்தனை மாதம் மூடிவைத்த பாவம், பிறன்மேல் வந்த கோபத்தில்தான் வெளியே தெரிகிறது. ஆதியாகமம் 38-இல் யூதாவும் இப்படித்தான், வேசித்தனத்தால் கர்ப்பவதியானாள் என்று மருமகள் தாமாரைச் சுட்டெரிக்கச் சொன்ன பிறகே, கர்ப்பத்துக்குக் காரணமானவனுடையவை என்று அவள் அனுப்பிய தன் முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் பார்த்து, என்னிலும் அவள் நீதியுள்ளவள் என்கிறான்.

ஆகவே, அந்தச் சகோதரிக்கு உங்கள் மனம் ஏற்கெனவே என்ன தண்டனை எழுதிவைத்திருக்கிறது என்று பாருங்கள். குற்றத்தைவிடத் தண்டனை பெரிதாக இருந்தால், அங்கேதான் தேட வேண்டும்.

மெழுகுவத்தி:
நான் கத்தோலிக்கன். சோதனைக்கு முடிவே இல்லை என்ற உங்கள் தவிப்புக்கு எங்கள் மரபில் ஒரு நடைமுறை மருந்து உண்டு. 1548-இல் அச்சான தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் ஆன்ம சோதனையை முதலில் நன்றியோடு தொடங்கச் சொல்கிறார். அடுத்து, பாவங்களை அறிந்துகொள்ளும் அருளைக் கேட்க வேண்டும். அதன் பிறகே எண்ணம், சொல், செயல் என்று அந்த நாளை மணிக்கணக்காகத் திரும்பிப் பார்ப்பது. பின்பு மன்னிப்புக் கேட்டுத் திருந்த உறுதி எடுப்பது. ஒரு நாளுக்கு உரியதை அந்த நாளில் முடிப்பதே அதன் வழி. உள்ளத்தின் அடி ஆழம்வரை தோண்டி முடிப்பது மனிதனால் ஆகாது. பவுலடியாரே 1 கொரிந்தியர் 4-இல், தம்மிடம் குற்றமொன்றும் தமக்குத் தெரியவில்லை என்றாலும் அதனாலேயே தாம் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை, தீர்ப்பிடுபவர் ஆண்டவரே என்கிறார்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. குழுவினர் கலந்து பேசினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சகோதரி அப்போது உடன் இருந்தாரா? இல்லையென்றால், ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் நல்லெண்ணத்தோடு பேசுவது என்ற அதே காரியத்தைத்தான் குழுவும் செய்திருக்கிறது. உத்திரத்துக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று தோன்றுகிறது.

நியாயப்பிரமாணி:
இதுவரை எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. "முதலில் உன்னைப் பார்" என்ற வாக்கியத்தைச் சபைகளில் அதிகமாகக் கேட்கிறவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர், முறையிட்டவர்களே. மத்தேயு 7 திருத்தப் புறப்படுகிறவனுக்குச் சொன்னது. அடிபட்டுக் கதறுகிறவனை நிறுத்திவைத்து, உன் கண்ணைக் காட்டு என்று கேட்பதற்காகச் சொன்னது அல்ல. கொரிந்து சபை, தகப்பனுடைய மனைவியை வைத்திருந்தவனைக் குறித்துத் துக்கப்படாமல் இறுமாந்திருந்ததைப் பவுல் கடிந்துகொண்டார். காணிக்கைப் பணம் களவு போனாலோ, ஒரு பிள்ளைக்குக் கேடு நேர்ந்தாலோ, உரிய அதிகாரிகளிடம் உடனே தெரிவிப்பது யாருடைய மனந்திரும்புதலுக்காகவும் காத்திருக்கக் கூடாது.

இந்த விஷயம் அவ்வளவு பெரியதல்ல என்பது உண்மை. இருந்தாலும், கடனில் இருக்கும் அந்தக் குடும்பத்தாரிடம் யாராவது பேசினார்களா? கேள்வியிலும் பதில்களிலும் அவர்களைக் காணோம்.

பெரோயா வாசகி:
அந்தச் சகோதரி கூட்டத்தில் இல்லை. அவரைக் குழுவிலிருந்தே நீக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள்; மூப்பர் ஐயா குறிப்பிட்ட அளவுக்கு மிஞ்சிய தண்டனை அதுதான் என்று இப்போது புரிகிறது. குடும்பத்தாரிடம் எவரும் பேசவில்லை. நாங்கள் கூடிப் பேசியதை அந்தச் சகோதரியிடம் சொல்ல வேண்டுமா, அல்லது அது அவரை மேலும் புண்படுத்துமா?

ஓய்வுபெற்ற மூப்பர்:
சொல்லுங்கள், அதையே முதலில் சொல்லுங்கள். மத்தேயு 18:15 தனித்திருக்கையில் பேசச் சொல்கிறது. அந்த வரிசையைக் குழுவே மீறிவிட்டதால், குழுவின் மன்னிப்பை அவரிடம் கேட்ட பின்பு ஜெபக் குறிப்புகளைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன்பாக அந்தக் குடும்பத்தாரைப் பாருங்கள். தங்கள் பெயரைச் சொல்லி நீங்கள் பேசுவதையே அவர்கள் விரும்பாமல் இருக்கலாம்.