தம்பி கொண்டுவந்த வேப் ஜூஸ் போத்தலில் இரண்டு லேபல். எதை நம்புவது?

தம்பிலுவில் அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

என் தம்பிக்கு 22 வயது. மூன்று வருடமாக சுற்றுலா சீசன் தொடங்கியதும் அறுகம்பைக்குப் போய்விடுவான், ஒரு கெஸ்ட்ஹவுஸ் குசினியில் வேலை. முதல் வருடம் அங்கே தங்கிய வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் விட்டுப்போன வேப்பில்தான், அதாவது மின்சிகரெட்டில்தான், பழக்கம் தொடங்கியது. "சிகரெட்டை விட்டுட்டேன் அக்கா, இது வெறும் ஆவிதான்" என்றான். சட்டையில் சிகரெட் நாற்றம் இல்லாமல் போனதில் எனக்கும் சந்தோஷம்தான். அதனால் அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறை வரும்போது வேப்பில் ஊற்றுகிற திரவம், ஜூஸ் என்பார்கள், 30 மில்லி போத்தல் ஒன்று கொண்டுவந்தான். 1,800 ரூபாயாம். உள்ளே இருக்கிற ஜூஸ் தீர்ந்ததும் எறிய வேண்டிய வேப்பைத்தான் அவன் வைத்திருக்கிறான். அதன் வாயைச் சட்டை ஊசியால் கிளப்பி, பார்மசியில் வாங்கிய சிரிஞ்சால் இந்த ஜூஸை உள்ளே விடுகிறான். ஒரே ஊசியால் எத்தனை தரம் கிளப்பினானோ, ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கிறது. இழுக்கும்போது மாம்பழ வாசனையோடு கருகிய வாசமும் வருகிறது. மூன்று கிழமையாக இரவில் இருமுகிறான், நெஞ்சில் விசில் மாதிரிச் சத்தம்.

நேற்று நடந்ததுதான் என்னைப் பயப்படுத்தியது. அந்தப் போத்தலை அவன் பிரிட்ஜுக்கு மேல், என் மகளின் காய்ச்சல் சிரப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். மகளுக்கு மூன்று வயது. "மாம்பழ மருந்து தாங்கம்மா" என்று கையைக் காட்டிக் கேட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

எடுத்துப் பார்த்தேன். மேலே மாம்பழப் படம், நிக்கோட்டின் 3 மில்லிகிராம் என்று இருக்கிறது. லேபல் கொஞ்சம் சரிந்து ஒட்டியிருந்தது. மூலையை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு லேபல்! அதில் ஸ்ட்ரோபெரி படம், 50 என்று எண். உற்பத்தித் திகதியும் இல்லை, யார் செய்தார்கள் என்றும் இல்லை.

இரண்டில் எது உண்மை? வீட்டில் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா? அவனிடம் எப்படிப் பேசுவது? சண்டை போட்டால் வீட்டுக்கே வராமல் பொத்துவிலில் கூட்டாளிமாரோடு தங்கிவிடுவான்.

ஈடியூ தாதி:

அக்கா, நான் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில் (ஈடியூ) வேலை செய்கிறேன். மற்றதெல்லாம் பிறகு. இதை வாசித்தவுடன் எழுந்து போய் அந்தப் போத்தலைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சிரிஞ்சையும் சேர்த்து.

50 என்பது ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். 30 மில்லி நிரம்பியிருந்தால் 1,500 மில்லிகிராம் நிக்கோட்டின். ஐரோப்பாவில் ஒரு மில்லிக்கு 20க்கு மேல் விற்கவே விடமாட்டார்கள், போத்தலும் 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, மூடி பிள்ளைகள் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2014 டிசம்பரில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று திரவ நிக்கோட்டினால் இறந்தது. அதன் பிறகுதான் அங்கே பாதுகாப்பு மூடிச் சட்டம் வந்தது.

விழுங்கினால் முதலில் வாந்தி, எச்சில் வடிதல், வியர்வை, முகம் வெளிறுதல். அது சில நிமிடங்களிலேயே தொடங்கலாம். பிறகு வலிப்பு, மூச்சுத் தளர்வு. பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். தோலிலும் நிக்கோட்டின் உள்ளே போகும். கையில் ஊற்றுப்பட்டால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஜூஸைக் கிணற்றடியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

தம்பியின் இருமலை விடக்கூடாது. நெஞ்சில் சத்தம் என்கிறீர்கள், வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். போகும்போது வேப் இழுப்பதை மறைக்கச் சொல்லாதீர்கள். வேப்பால் வரும் நுரையீரல் அழற்சி எக்ஸ்ரேயில் நிமோனியா போலவே தெரியலாம். சொன்னால்தான் வைத்தியர் அந்தப் பக்கமும் யோசிப்பார்.

கல்முனை முன்னாள் கடைக்காரன்:

அக்கா, நான் இரண்டு வருடம் போன் சாமான் கடை வைத்திருந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இந்த ஜூஸையும் வைத்து விற்றேன். அதை நினைத்தால் இப்போது மனம் வலிக்கிறது, அதனால் தெரிந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு லேபலையும் நம்ப வேண்டாம். எனக்கு வந்த பார்சலில் போத்தல் வேறாக, ஸ்டிக்கர் ரோல் வேறாக வரும். எந்தச் சுவை ஓடுகிறதோ அந்த ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுப்போம். உள்ளே என்ன என்று எனக்கே தெரியாது. 3 என்று போட்டால் புதிதாகத் தொடங்குகிறவன் பயப்படாமல் வாங்குவான்.

வீட்டுச் சோதனை என்று பொடியன்மார் செய்வதெல்லாம் எனக்குத் தெரியும். நிறம் கபிலமானால் போலி என்பார்கள். நல்ல நிக்கோட்டினும் காற்றும் வெளிச்சமும் பட்டால் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். கியூஆர் கோட் இருந்தால் ஒரிஜினல் என்பார்கள். அதையும் அச்சடிக்கலாம். போத்தலைக் கவிழ்த்து, குமிழி மெதுவாக ஏறினால் தண்ணி கலக்காத சரக்கு என்பார்கள். அதை நம்பியவர்களுக்குத்தான் 2019இல் அமெரிக்காவில் அநியாயம் நடந்தது. அங்கே வேப்பில் இழுக்கிற கஞ்சா எண்ணெயில் கலப்படம் செய்தவர்கள், தடிப்பாகத் தெரிய வேண்டும் என்று வைட்டமின் ஈ அசிடேட் சேர்த்தார்கள். குமிழி மெதுவாகத்தான் ஏறியது. 2020 பெப்ரவரி வரை நுரையீரல் கெட்டு 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில், 68 பேர் செத்துப்போனார்கள்.

இன்னொன்று. கிளிசரினும் கேக் எசன்ஸும் வாங்கித் தாங்களே கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். "சாப்பிடுற சாமான்தானே" என்பார்கள். வயிற்றுக்குப் போவது வேறு, நெஞ்சுக்குப் போவது வேறு. பொப்கோர்னுக்கு வெண்ணெய் வாசனை கொடுக்கிற டையசிட்டைலைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அமெரிக்காவின் மிசூரியில் பொப்கோர்ன் தொழிற்சாலையில் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு மூச்சுக்குழாய் தழும்பாகி அடைத்துப்போனது. எசன்ஸில் எண்ணெய் இருந்தால் அது தனி ஆபத்து.

உங்கள் தம்பி நிரப்புகிற அந்த வேப், மீண்டும் மீண்டும் நிரப்பச் செய்தது அல்ல. உள்ளே இருக்கிற கம்பியும் பஞ்சும் கருகத்தான் செய்யும். நீங்கள் சொன்ன கருகல் வாசம் அதுதான். கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் ஆவியோடு போகும்.

ஏறாவூர், இப்போது லண்டன்:

ஒரு மாற்றுக் கருத்து. இங்கே சிகரெட்டை விடுவதற்கு அரச சுகாதார சேவையே வேப் கொடுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக் கூடாது. தம்பி திரும்பச் சிகரெட்டுக்குப் போய்விட்டால்?

ஈடியூ தாதி:

அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அங்கே விற்கிற ஒவ்வொரு சாமானும் பதிவு செய்து, உள்ளே என்ன என்று அறிவித்துத்தான் கடைக்கு வருகிறது. இலங்கையில் 2016 வர்த்தமானியிலேயே புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. அறுகம்பையில் கைமாறுகிற போத்தலுக்குப் பொறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை. அக்கா கையில் வைத்திருப்பது லண்டன் வேப் அல்ல, இரண்டு லேபல் போத்தல். சிகரெட்டுக்குத் திரும்பாமல் இருக்க வைத்தியரிடமே உதவி கேட்கலாம், நிக்கோட்டினைப் படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

தம்பிலுவில் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே போத்தலை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, மா டின்னுக்குள் போட்டு அலுமாரியில் பூட்டிவிட்டேன்.

இன்று மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு அவனிடம் ஏசாமல், டின்னைத் திறந்து மேல் லேபலை முழுவதாக உரித்துக் காட்டினேன். 50 என்ற எண்ணைப் பார்த்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "எனக்கு மூன்று என்றுதானே சொன்னான்" என்றான். பிறகு மகள் கேட்டதைச் சொன்னேன். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அழுதுவிட்டான். பிரிட்ஜுக்கு மேல் வைத்தது அவனுக்கு நினைவே இல்லையாம்.

சிகரெட்டுக்குப் போய்விடுவேனோ என்ற பயம்தான் அவனுக்கும். லண்டன் அண்ணா, நீங்கள் கேட்ட அதே கேள்வி. நாளைக் காலை ஆஸ்பத்திரி ஓபிடிக்கு நானும் கூடப் போகிறேன். வேப், சிரிஞ்ச், போத்தல் மூன்றையும் பையில் போட்டு வைத்திருக்கிறோம், வைத்தியரிடம் காட்டிவிட்டு அங்கேயே ஒப்படைக்கலாமா என்று கேட்போம். கூட்டாளி இரண்டு பேரும் அதே ஆளிடம் வாங்கியவர்களாம். அவர்களுடைய போத்தல் மூலையையும் கிளப்பிப் பார்க்கச் சொல்லி, சற்று முன்புதான் அவர்களுக்கு வொய்ஸ் போட்டான்.