பொத்தான் செல் கட்டியவர்கள், சோதித்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அறிவியல்நகர்ப் பெடியன்
இறுதியாண்டு புரொஜெக்ற். கதோட்டை, அதாவது செல்லின் நேர்முனைத் தகட்டை, கிளிநொச்சியில் பூசி, வெளியூர் வளாகம் ஒன்றின் குளோவ் பொக்ஸில் (காற்றும் ஈரமும் புகாத கையுறைப் பெட்டி) 2032 அளவுப் பொத்தான் செல் கட்டுகிறோம். செய்முறை தெரிந்தவர்கள்தான் இங்கே இருக்கிறீர்கள், விடுகிறேன். என்னை அரிப்பது ஒரேயொரு செல். செல்லின் மூடியை அழுத்திப் பூட்டும் கிரிம்பரில் நசுக்கி வெளியே எடுத்து மீற்றரை வைத்தால் எண் நிற்கவே இல்லை. 0.4, 1.1, திரும்ப 0.2. ஒரு பக்கம் லித்தியம் இரும்பு பொசுபேற்று, மறுபக்கம் லித்தியத் தகடு. 3 வோல்ற்றுக்குக் கிட்டவாவது வரவேண்டும். "செத்துப்போச்சு, வாளிக்குள்ள போடு" என்றார் பொறுப்பாக நின்ற அண்ணை. போட மனமில்லை, மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் 3.2, ஆடாமல் அசையாமல்! சார்ஜ் ஏற்றினால் 3.4க்குச் சற்று மேலே கோடு நேராக ஓடுகிறது. அந்த வாளிக்குள் ஏற்கெனவே கிடந்தவற்றை நினைத்தால் வயிறு எரிகிறது.

பாண்டியன்குளம்
தம்பி, வாளிக்காக அழாதே. 0.0 என்று அசையாமல் நின்றவை உள்ளே ஷோர்ட் ஆனவை, அவை எழும்பாது. உன்னுடையது, இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்கும் செப்பரேற்றர் தாள் மின்பகுபொருள் திரவத்தில் முழுதாக நனையாத செல். கட்டியவுடன் ஓட்டாமல் பன்னிரண்டு மணித்தியாலம் விடச் சொல்வது சும்மா இல்லை.
என் கதை வேறு. குளோவ் பொக்ஸை நிரப்பும் ஆகன் வாயுச் சிலிண்டர் முடிந்த நாளில் ஒருவர், "நைதரசனும் சடத்துவ வாயுதானே" என்று அதைப் பூட்டிவிட்டார். மினுமினுப்பாக இருந்த லித்தியத் தகட்டை மறுநாள் பார்க்கிறேன், கறுத்துப்போய்க் கிடக்கிறது. சாதாரண வெப்பநிலையிலேயே நைதரசனோடு சேர்கிற உலோகம் அது என்று அவருக்கு யார் சொல்வது? அவர் எனக்கு மேலே இருந்தவர். வாயைத் திறக்காமல் கையுறைக்குள் கையை விட்டபடி நின்றேன்.

புதுக்குடியிருப்பு மணிக்கூட்டுக் கடை
நீங்கள் கட்டுகிற ஆட்கள், நாங்கள் மாற்றுகிற ஆட்கள். ஆனால் வெடித்தது என் கடையில்தான். கார்த் திறப்பு ரிமோற் கொண்டுவந்த ஒருவர், இணையத்தில் வாங்கிய சார்ஜரில் சிஆர்2032ஐ ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். அது திரும்பத் திரும்ப ஏற்றக்கூடிய எல்ஐஆர்2032க்கு உரிய சார்ஜர், 4.2 வோல்ற் வரை தள்ளும். சிஆர் என்றால் லித்தியமும் மங்கனீசீரொட்சைட்டும். 3 வோல்ற், ஒருமுறைப் பாவனை. "இரண்டும் ஒரே சைஸ்தானே" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேசையில் "பட்" என்றது. மூடி போய்க் கண்ணாடி அலுமாரியில் அடித்தது. தின்னர் மாதிரி ஒரு மணம். அவர் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி: "இதை மாத்தித் தருவியளோ?"
மீற்றரை மட்டும் நம்புகிறவர்களுக்கும் ஒன்று. பாதி செத்த சிஆர் செல்லும் சும்மா வைத்தால் 3 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டும். 1 கிலோஓம் தடையைக் குறுக்கே போட்டுப் பாருங்கள். உடனே 2.5க்குக் கீழே விழுந்தால் கையைக் கழுவலாம். ஆய்வுகூடத்து ஆட்களும் இதைச் செய்கிறீர்களா?

பாண்டியன்குளம்
அண்ணை, எங்கள் செல்லுக்கு அது சரிவராது. சைஸ் ஒன்று என்றாலும் உள்ளே மில்லிகிராம் கணக்கில்தான் பொருள் இருக்கும். உங்கள் தடை இழுக்கும் 3 மில்லியம்பியர் எங்களுக்குப் பெரிய மின்னோட்டம். பத்து மணித்தியாலத்தில் நிரம்பும் வேகத்தில் மெல்லத்தான் தொடங்குவோம்.

மல்லாவி மாமா
நீங்கள் வோல்ற் கணக்குப் பார்க்கிறீர்கள். தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரியே தடைப்பொருள். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, மிதித்து, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். அம்மம்மாவின் காது மெசினுக்கு வவுனியாவில் வாங்கிய பொத்தான் செல்லை, சோதனைச்சாவடியில் சென்ரிக்கு நின்றவர் உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு தன் சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பொக்கற் பொத்தானை அவர் பூட்டிய விதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒட்டுசுட்டான் அக்கா
நான் செல் கட்டியதில்லை. என் அக்காவின் பேரன் ஒன்றை விழுங்கினான், எக்ஸ்ரேயில் இரட்டை வளையமாகத் தெரிந்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் கடைக்கார அண்ணையின் மேசையில் பழைய செல் சிதறிக் கிடக்குமே என்று நினைத்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 20 மில்லிமீற்றர் லித்தியச் செல் பிள்ளையின் களத்தில் (உணவுக்குழாயில்) சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே புண்ணாக்கத் தொடங்கும். கசிவதால் மட்டும் அல்ல, ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து அந்த இடத்தில் அரிக்கும் காரம் உண்டாவதால். "செத்த" செல்லுக்கும் அதற்குப் போதுமான வோல்ற் இருக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, விழுங்கிப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகவில்லை, விழுங்கவும் முடிகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், வாகனம்தான் முதல். பழைய செல்லின் இரண்டு பக்கமும் ரேப் ஒட்டித்தான் எறியவேண்டும். கடைக்கார அண்ணை, ஒட்டுகிறீர்களா?

புதுக்குடியிருப்பு மணிக்கூட்டுக் கடை
போத்தலில் போட்டு மூடி வைக்கிறேன் அக்கா. ரேப்பும் ஒட்டுகிறேன்.

அறிவியல்நகர்ப் பெடியன்
பாண்டியன்குளம் அண்ணை, நனையாததுதான் காரணம் என்றால் அதே போத்தலில் இருந்து அதே அளவு மின்பகுபொருள் விட்ட மற்றச் செல்கள் ஏன் உடனேயே 3.1 காட்டின? எனக்கு உள்ளே தகடுகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கில்தான் சந்தேகம். அடுத்த முறை போகும்போது அந்த அண்ணையிடம் வாளியைக் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் ஒருதரம் மீற்றரில் வைத்துப் பார்க்கப்போகிறேன். பிளாஸ்ரிக் சாமணம் யாரிடமாவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள். அங்கே இரும்புதான் இருக்கிறது, அது இரண்டு பக்கமும் தொட்டால் அந்த இடத்திலேயே ஷோர்ட்.